ஒரு ஜாக் மட்டும் மேல வரேல்ல எண்டால் முழு சிஸ்டத்தையும் மாத்த வேணுமா?

தம்பி கேட்டது இதுதான். மிட்சுபிஷி ரோசா மினி பஸ் ஒண்ட வாங்கி, படுத்துத் தங்கிப் பயணம் போற கேம்பரா மாத்தியிருக்கிறார், நாலு மூலைக்கும் நிப்பாட்டின பஸ்ஸை மட்டமாக்கிற ஹைட்ராலிக் (ஒயில் அழுத்தத்தில வேலை செய்யிற) லெவலிங் ஜாக் வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சுப் பூட்டியிருக்கிறார், குடும்பத்தோட நுவரெலியா போய் மழைக்குள்ள நிண்டிட்டு வெளிக்கிடேக்க மூண்டு ஜாக் மேல வந்திட்டுது, பின்பக்கம் இடது ஜாக் மட்டும் அசையேல்ல. பட்டனை அமத்த அமத்த அலாரம் அடிச்சதே ஒழிய வேற ஒண்டும் நடக்கேல்ல. கடைசியில வழியால போன லொறிக்காரர் ஒருத்தர் பஸ்ஸுக்குக் கீழ படுத்து, தட்டிக் கிட்டி ஏத்தி விட்டிருக்கிறார். இப்ப கொழும்பில ஒரு கராஜ்ல காட்ட, நாலையும் பம்போட சேத்துக் கழட்டிப் புதுசு போடவேணும் எண்டு சொல்லுகினமாம். அந்த இடத்தில என்ன செய்திருக்க வேணும், ஜாக் இல்லாமப் பயணம் போகலாமா, கராஜ் சொல்லுறது சரியா, இந்த மூண்டும்தான் கேள்வி.

நான் கொழும்பில வாகன உதிரிப்பாகக் கடையள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தைப் பக்கம் லொறி டெயில் லிஃப்ட், டிப்பர் ஹைட்ராலிக் வேலை கனகாலமா செய்யிற ஆள், கேம்பர் ஜாக்கும் அந்த வேலையோட சேந்து வரத் தொடங்கினதுதான், ஏனெண்டால் உள்ளுக்க இருக்கிற சாமான் அநேகமா ஒண்டுதான்.

முதல்ல அந்த லொறிக்காரர் கீழ படுத்த கதை. அவர் நல்ல மனுசன், ஆனா இனிமேல் ஆரையும் அப்பிடிப் படுக்க விடாதீங்கோ தம்பி, கெஞ்சிக் கேக்கிறன். லெவலிங் ஜாக் எண்டது பஸ்ஸை நேரா நிப்பாட்டுறதுக்கு மட்டும் செய்தது, கீழ ஆள் போய் வேலை செய்யிறதுக்குத் தாங்கிப் பிடிக்கிற சாமான் இல்ல. ஒரு வால்வு திறந்தால், ஒரு ஹோஸ் வெடிச்சால், கண் மூடி முழிக்கிறதுக்குள்ள அந்த மூலை இறங்கும், ரோசா எத்தின தொன் எண்டு உங்களுக்குத் தெரியும். கீழ கை வைக்கவே வேணும் எண்டால் சில்லு எல்லாம் தரையில இருக்கோணும், முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை போட்டிருக்கோணும், சேசிக்குக் கீழ, அதாவது பஸ்ஸின்ட அடிச்சட்டத்துக்குக் கீழ, ஸ்டாண்ட் இல்லாட்டி தடிச்ச மரக்கட்டை அடுக்கியிருக்கோணும். அது இல்லாமச் செய்யிற எந்த வேலையும் வேலையே இல்ல.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவம். மூண்டு ஜாக் ஒழுங்கா மேல வந்திட்டுது எண்டு நீங்க சொன்ன அந்த ஒரு வசனத்திலயே பாதி விடை கிடக்கு. பட்டரி நல்லம், பட்டன் பெனலுக்குக் கரண்ட் வருது, ஹாண்ட்பிரேக் சுவிட்ச் வேலை செய்யுது. இதில ஒண்டு பிழைச்சிருந்தாலும் மூண்டு வந்திருக்காது. அப்ப பிழை அந்த ஒரு ஜாக்குக்குள்ளயோ, அதுக்குப் போற ஹோஸ், வால்வு, வயர், இல்லாட்டி பெனல்ல அந்த ஜாக்குக்குரிய பகுதிக்குள்ளயோதான் இருக்கு. இதைத் தெரிஞ்சு வச்சிருந்தா ரோட்டில நிண்டு ஃபியூஸ் எல்லாத்தையும் கழட்டிக் கழட்டிப் பாத்துப் பொழுது போக்கத் தேவையில்ல.

அடுத்தது, உங்கட ஜாக் எந்த மாதிரி எண்டு தெரியோணும். கனக்க சிஸ்டத்தில ஜாக்கை கீழ தள்ளுறது மட்டும்தான் பம்ப், மேல இழுக்கிறது ஸ்பிரிங். வெளியால ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் தெரிஞ்சா அது இந்த வகை, சிலதுக்கு ஸ்பிரிங் உள்ளுக்க இருக்கும். மேல ஏத்துற பட்டனை அமத்தேக்க பம்ப் ஓடவே ஓடாது, வால்வு மட்டும் திறக்கும், முதல்ல பஸ்ஸின்ட பாரம் ஒயிலை டாங்குக்குத் தள்ளும், அடிப்பாதம் நிலத்தை விட்டாப் பிறகு ஸ்பிரிங் மிச்சத்தை இழுக்கும். மற்ற வகையில ரெண்டு ஹோஸ் இருக்கும், ஏத்துறதும் இறக்குறதும் பம்ப்தான். மூண்டாவது ஹைட்ராலிக்கே இல்லாத மோட்டர் ஜாக், அதுக்கு மோட்டர்ப் பக்கம் ஒரு ஆறுமூலைத் தலை இருக்கும், கரண்ட் இல்லாட்டியும் ரட்செட் போட்டுச் சுத்தி ஏத்தலாம். நீங்க அனுப்பின படத்தில ஸ்பிரிங் வடிவாத் தெரியுது, அதால முதலாவது வகை எண்டே வச்சுக் கதைக்கிறன்.

அந்த இடத்தில நீங்க முதல் பாத்திருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: பட்டனை அமத்தினாப் பிறகு அந்தப் பின் இடது மூலை இறங்கிச்சா இல்லையா? பஸ் சில்லில பதிஞ்சு நிண்டு, ஜாக் மட்டும் நீட்டிக்கொண்டு நிலத்தில நிக்குது எண்டால் வால்வு திறந்திட்டுது, ஒயில் போக வழி இருக்கு, ஆனா இழுக்கிற ஸ்பிரிங்குக்கு ஜாக்கின்ட தண்டை மேல கொண்டு வாற வலு காணாது. மூலை உயர்ந்தபடியே நிக்குது எண்டால் வால்வு திறக்கேல்ல. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

முதலாவது எண்டால், நுவரெலியா மழையில என்ட முதல் சந்தேகம் சேறுதான். அடிப்பாதம் ஈரமண்ணுக்குள்ள புதைஞ்சுபோய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், ஸ்பிரிங் அதைப் புடுங்காது. ஆள் வெளிப்பக்கமா நிண்டு, பாதத்தைச் சுத்தி மண்வெட்டியால கிண்டி விட்டு, நீளமான அலவாங்கு ஒண்டைப் பாதத்துக்குக் கீழ குடுத்து நெம்பினாக் காணும், அநேகமா டக்கெண்டு ஏறும். லொறிக்காரர் தட்டினதும் இதுக்குத்தான் சரிவந்திருக்கு எண்டு நினைக்கிறன். மண் விட்டும் வரேல்ல எண்டால் தண்டைப் பாருங்கோ, அந்தப் பளபளப்பான குரோம் பகுதியில சேறு காய்ஞ்சிருக்கா, துருப் புள்ளி இருக்கா எண்டு. துணியால துடைச்சு சிலிக்கன் ஸ்ப்ரே அடிச்சிட்டு மெல்ல நெம்பி நெம்பி ஏத்தலாம். கிரீஸ் பூசாதீங்கோ, எங்கட ஆக்கள் கிரீஸ் எண்டால் எல்லாத்துக்கும் மருந்து எண்டு நினைக்கினம், மண்ணும் தூசும் அதில ஒட்டி அப்பிடியே சீலுக்குள்ள போய் அரைக்கும். திருகோணமலை, அறுகம்குடா, கற்பிட்டிப் பக்கம் கடற்கரையில நிண்டு வந்தா, நல்ல தண்ணி அடிச்சுத் தண்டு நாலையும் கழுவித் துடைக்கிறது கட்டாயம், உப்பு பிடிச்ச குரோம் ஒருக்கா உரியத் தொடங்கினா சீல் ஒண்டும் நிக்காது.

குளிரும் ஒரு காரணம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், தை மாசத்தில துகள்பனி கொட்டுற இடம். குளிர்ந்த ஒயில் தடிப்பாகும், ஸ்பிரிங் பலவீனமா இருந்தா விடியப்புறம் ஏறாத ஜாக் பத்து மணி வெயிலுக்குத் தானா ஏறும். அவசரம் இல்லாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்து பாக்கிறதிலயும் பிழையில்ல. இன்னொண்டு, இரவில பஸ் கொஞ்சம் சரிஞ்சு போச்சு, எங்கயோ லீக் எண்டு பயப்பிடுறவை இருக்கினம். 20 டிகிரி குறைஞ்சா இந்த ஒயில் நூற்றுக்கு ஒண்டு, ஒண்டரை அளவில சுருங்கும், 30 சென்டிமீட்டர் நீட்டின ஜாக் அதால மட்டும் 3 இல்லாட்டி 4 மில்லிமீட்டர் அளவில இறங்கும். அது லீக் இல்ல. விரல் கணக்கில இறங்கினாத்தான் யோசிக்கோணும்.

ரெண்டாவது நிலைமை, மூலை உயர்ந்தபடி நிக்குது. இதுதான் ஆபத்தானதும். பம்புக்குப் பக்கத்தில வால்வு வரிசையா இருக்கும், ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு கொயில். ஒரு ஆளைப் பட்டனை அமத்தச் சொல்லிட்டு கொயிலின்ட தலையில ஸ்குரூட்ரைவரை வச்சுப் பாருங்கோ, கரண்ட் வந்தா காந்தம் மாதிரி இழுக்கும். இழுக்கேல்ல எண்டால் பக்கத்து ஜாக்கின்ட பிளக்கைக் கழட்டி இந்தக் கொயிலுக்குப் பூட்டி, பக்கத்து ஜாக்கின்ட பட்டனை அமத்துங்கோ. இப்ப இறங்கினா கொயில் நல்லம், வயரோ பெனலோதான் பிழை, நீங்களும் வேலையை முடிச்சிட்டீங்க. இழுக்குது ஆனா இறங்கேல்ல எண்டால் வால்வு உள்ளுக்க இறுகிப் போச்சு.

அதுக்குத்தான் கையால திறக்கிற வழி வச்சிருக்கிறாங்கள். லிப்பர்ட், ஹெச்டபிள்யூஹெச், பவர் கியர், ஈ அண்ட் பி மாதிரி ஜாக் செய்யிற கம்பனியளில அநேகமா வால்வில ஒரு நட்டோ திருகோ இருக்கும், அதைத் திருப்பினா வால்வு கையால திறபடும். எந்தப் பக்கம் திருப்புறது, எத்தின சுத்து எண்டு ஒவ்வொண்டுக்கும் வித்தியாசம், அதால ஜாக்கோட வந்த புத்தகத்தில அந்தப் பக்கத்தை இப்பவே படம் எடுத்து ஃபோன்ல வையுங்கோ, றம்பொடைப் பக்கம் நிண்டு சிக்னல் தேடுற நேரத்தில அது கிடைக்காது. திருப்பேக்க மெல்ல மெல்ல, பஸ்ஸைச் சுத்தி ஒருத்தரும் இல்ல எண்டு பாத்திட்டு, பிள்ளையளைத் தூர நிப்பாட்டிட்டு. ஏறினாப் பிறகு திரும்ப இறுக்க மறக்கக் கூடாது. ரெண்டு ஹோஸ் வகைக்கு வால்வு திறந்தாக் காணாது, பம்பும் ஓட வேணும், சில பம்பில மோட்டர்ப் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரோ மூடியோ இருக்கும், அதைக் கழட்டினா உள்ளுக்க ட்ரில் பூட்டிச் சுத்துற தலை இருக்கும். பட்டரி ட்ரில் ஒண்டு பஸ்ஸில வச்சிருக்கிறது அதுக்கே பிரயோசனம்.

இதுக்கும் அசையேல்ல எண்டால் ஒண்டு ஹோஸ் உள்ளால அடைச்சிருக்கோணும், இல்லாட்டி தண்டு வளைஞ்சிருக்கோணும். ஜாக் இறங்கி நிக்கேக்க பஸ் கொஞ்சம் உருண்டிருந்தா தண்டு வளையும். அப்ப பொட்டில் ஜாக்கை சேசிக்குக் குடுத்து அந்த மூலையின்ட பாரத்தை எடுத்து, கட்டை அடுக்கி, பஸ் அதில பதிஞ்சாப் பிறகு முயற்சி செய்யுங்கோ, பாரம் போனாலே அரைவாசி நேரம் ஏறும். ஹோஸ் நட்டை இளக்கி ஒயிலை விடுறது கடைசி வழி, அதுவும் பாரம் முழுக்கக் கட்டையில இருக்கேக்க மட்டும், கண்ணாடி போட்டு, கீழ டின் வச்சு. பாரத்தோட நிக்கிற ஜாக்கின்ட ஹோஸைத் தொடவே கூடாது. இந்த சிஸ்டம் எல்லாம் 3000 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தில வேலை செய்யிறது, ஊசித்துளை லீக்கைக் கையால தடவிப் பாத்தா ஒயில் தோலைத் துளைச்சு உள்ளுக்க போகும், வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடன ஒபரேஷன் செய்யாட்டி விரல் போகும். லீக் தேடுறதுக்கு கார்ட்போர்ட் மட்டை பிடியுங்கோ.

ஏறினாப் பிறகு அங்கயே திருத்த வெளிக்கிடாதீங்கோ. ரோட்டில நிக்கிற ஆளின்ட வேலை ஜாக்கை மேல ஏத்தி, மேலயே நிக்க வச்சு, வீட்டை வந்து சேருறது மட்டும்தான். நம்பிக்கை இல்லாத ஜாக்கைப் பாதத்தோட சேத்து லொறிக்குக் கட்டுற ரட்செட் பெல்ட்டால சேசிக்கு இழுத்துக் கட்டுங்கோ, பிரேக் பைப், வயர் ஒண்டும் பெல்ட்டுக்குள்ள சிக்காமப் பாத்து. ஏ5 ரோட்டால கம்பளை பேராதனைக்கு இறங்கேக்க இடையில ரெண்டு இடத்தில நிப்பாட்டிக் குனிஞ்சு பாருங்கோ. ஓடுற பஸ்ஸில ஜாக் இறங்கி ஒரு பள்ளத்தில கொழுவினா சேசி பிராக்கெட்டோட பிய்ச்சுக்கொண்டு போகும்.

நீங்க கேக்காட்டியும் நாலு ஜாக்கும் சேந்து செத்தா என்ன செய்யிறது எண்டும் சொல்லிவிடுறன், ஏனெண்டால் ரோசாவுக்கு இதில ஒரு விசேஷப் பிரச்சினை இருக்கு. ஜப்பான்ல இருந்து வாற டீசல் ரோசா 24 வோல்ட், ரெண்டு பட்டரி தொடர்ச்சியாப் பூட்டினது. வெளிநாட்டு ஜாக் செட் கனக்க 12 வோல்ட். எங்கட எலக்ட்ரிசியன்மார் சிலர் சுகமான வழி எண்டு ரெண்டு பட்டரியில ஒண்டில மட்டும் 12 வோல்ட் எடுத்துக் குடுக்கினம். அது செய்யவே கூடாது. அந்தப் பட்டரி எப்பவும் குறைச் சார்ஜ்ல நிக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஏறிக் கொதிக்கும், கொஞ்ச நாளில ரெண்டும் போகும். ஜாக் பம்ப் பாரத்தோட இழுக்கேக்க 100 ஆம்புக்கு மேல எடுக்கும், அதை கேம்பருக்குள்ள லைட், ஃபிரிஜ் மாதிரி சாமானுக்கு எண்டு தனியா வச்சிருக்கிற 12 வோல்ட் பட்டரியில இருந்து தடிச்ச வயரால குடுத்து, அந்தப் பட்டரியை 24ல இருந்து 12க்கு மாத்துற சார்ஜரால சார்ஜ் பண்ணுறதுதான் ஒழுங்கான முறை. உங்கட பஸ்ஸில எப்பிடிப் பூட்டியிருக்கு எண்டு இண்டைக்கே திறந்து பாருங்கோ.

பம்ப் இழுபட்டு இழுபட்டு ஓடுது, இல்லாட்டி பெனல்ல லோ வோல்டேஜ் காட்டுது எண்டால் மல்டிமீட்டரைப் பம்பிலயே வச்சு, ஓடேக்க அளவுங்கோ. சும்மா நிக்கேக்க 12.6 காட்டுற பட்டரி பாரத்தில 10க்குக் கீழ விழுந்தா பட்டரி சரியில்ல. பட்டரியில நல்லா இருந்து பம்பில மட்டும் குறைஞ்சா வயர், முக்கியமா எர்த். மீட்டரின்ட ஒரு முனையைப் பட்டரி நெகட்டிவிலயும் மற்றதைப் பம்ப் உடம்பிலயும் வச்சு ஓட விடுங்கோ, அரை வோல்டுக்கு மேல காட்டினா எர்த் துருப் பிடிச்சிருக்கு, கழட்டி உரஞ்சிப் பூட்டினாச் சரி. டக் டக் எண்டு சத்தம் கேட்டும் பம்ப் ஓடேல்ல எண்டால் பம்புக்குக் கரண்ட் விடுற பெரிய சொலனொயிட்டின்ட உள்பக்கம் எரிஞ்சிருக்கு, அது டெயில் லிஃப்ட்டுக்குப் போடுற அதே சாமான், 12 வோல்டோ 24ஓ எண்டு பாத்து வாங்கினாக் காணும். ஒரு சத்தமும் இல்ல, பெனலே எரியேல்ல எண்டால் ஹாண்ட்பிரேக்கை விட்டுத் திரும்ப இறுக்கி இழுங்கோ, பெரும்பாலான சிஸ்டம் ஹாண்ட்பிரேக் சுவிட்ச் போடாட்டி உயிர் வராது.

ஒயில் பாக்கிறது எப்பவும் நாலு ஜாக்கும் முழுக்க ஏறி நிக்கேக்க மட்டும். இறங்கி நிக்கேக்க நிரப்பினா ஏத்தேக்க டாங்கால வழியும். அநேகமான சிஸ்டத்துக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஓட்டோமெட்டிக் கியர் ஒயில், எந்தச் சின்ன டவுன்லயும் கிடைக்கும், ஆனா உங்கட புத்தகத்தில என்ன போட்டிருக்கு எண்டு பாத்து வாங்குங்கோ. பிரேக் ஒயில் மட்டும் அவசரத்துக்கும் ஊத்தாதீங்கோ, ரப்பர் சீல் எல்லாம் ஊதிக் கரைஞ்சு போகும், அப்பத்தான் கராஜ் சொல்லுற மாதிரி முழுசா மாத்த வேண்டி வரும்.

ரெண்டாவது கேள்விக்கு, ஜாக் இல்லாம தாராளமாப் போகலாம். ஜாக் இல்லாத கேம்பர்தான் உலகத்தில கூட. சமதரையாப் பாத்து நிப்பாட்டி, பள்ளமான பக்கத்துச் சில்லைச் சரிவாச் சீவின பலகையில ஏத்தினா நித்திரைக்கும் கேஸ் ஃபிரிஜ்ஜுக்கும் காணுமான அளவு மட்டம் வரும். ஜாக் பாவிக்கிற நேரத்திலயும் பாதத்துக்குக் கீழ ரயில் சிலிப்பர் கட்டைத் துண்டு இல்லாட்டித் தடிச்ச பிளைவூட் வையுங்கோ, ஈரமண்ணுக்கு இது இல்லாம இறக்கவே வேண்டாம்.

ரோசாக்காரர் எல்லாருக்கும் இன்னொரு விஷயம், இதை ஆரும் சொல்லித் தாறதில்ல. ரோசா, கென்டர் லொறி மாதிரி வண்டியளின்ட ஹாண்ட்பிரேக் அநேகமா பின் சில்லில இல்ல, கியர்பொக்ஸுக்குப் பின்னால பின் சில்லைச் சுத்துற தண்டில இருக்கு. ஜாக் ஒரு பின் சில்லை நிலத்தை விட்டுத் தூக்கினா, பின் சில்லு ரெண்டையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற டிஃபரென்ஷியல் வழியா மற்றச் சில்லு சுதந்திரமா உருளும், ஹாண்ட்பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் பஸ் சரிவால போகும். அதால பின் சில்லு ரெண்டும் எப்பவும் நிலத்தில பாரத்தோட பதிஞ்சிருக்கோணும், சரிவு கூட எண்டால் வேற இடம் பாருங்கோ, ஜாக் இறக்க முதலே சில்லுக்குக் கட்டை போடுங்கோ. உங்கட ஜாக்கின்ட தண்டு வளைஞ்சிருந்தா அது ஏன் எண்டும் இதில விளங்கும்.

கராஜ் கதைக்கு வருவம். ஒரு ஜாக் ஒருக்கா சிக்கினதுக்கு நாலையும் பம்போட மாத்தச் சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்ல. அந்த ஒரு ஜாக்கை மட்டும் கழட்டி, தண்டு நேரா இருக்கா எண்டு பாக்கச் சொல்லுங்கோ. நேரா இருந்து குரோமும் நல்லா இருந்தா சீலும் ஸ்பிரிங்கும் மாத்தினாக் காணும், சீல் அளவெடுத்து பஞ்சிகாவத்தையில எடுக்கலாம், கம்பனி பேர் தேவையில்ல. குரோம் உரிஞ்சிருந்தா, மண் தோண்டுற பேக்கோ மெஷினின்ட சிலிண்டர் செய்யிற இடங்களில தண்டைத் தீட்டித் திரும்பக் குரோம் போடலாம். ஹோஸ் வெடிப்பு இருந்தா அதே இடங்களில புதுசா அமத்தி எடுக்கலாம், பழைய ஹோஸைக் கையோட கொண்டு போங்கோ, முனையின்ட மரை அளவு அதில இருந்துதான் பாப்பினம். வளைஞ்ச தண்டை நிமித்தித் தாறம் எண்டு சொன்னா விடாதீங்கோ, அது திரும்ப அதே இடத்தில வளையும், புதுத் தண்டு கடைஞ்சு போடச் சொல்லுங்கோ.

வேலை முடிஞ்சு காசு குடுக்க முதல், பஸ்ஸை அங்க ஜாக்கில ஏத்தி, சேசியில இருந்து நிலத்துக்கு நாலு மூலையும் டேப்பால அளந்து எழுதி, இரவு முழுக்க விடச் சொல்லுங்கோ. கொழும்பு வெக்கைக்கு இரவுக்கும் பகலுக்கும் பெரிய வித்தியாசம் வராது, அதால காலமை அளவு வடிவாத் தெரியிற மாதிரி மாறியிருந்தா அது வால்வோ சீலோதான், திரும்ப அவையிட்டயே விட்டிட்டு வாங்கோ.